கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள்: அண்டர்கிரவுண்ட் இசைப் பத்திரிகைகளுக்குள் நுழைய ஒரு வழி

பங்க் என்பது எழுபதுகளில் கிளம்பிய, வேகமும் இரைச்சலுமான ஒரு ராக் இசை. பழைய பங்க் பத்திரிகை ஒன்றை முதன்முதலாகத் திறப்பவருக்கு வருவது எரிச்சல்தான். எழுத்து பொடிப்பொடியாக இருக்கும். பாதிப் பக்கத்தில் மை அப்பியிருக்கும். ஐம்பது இசைக்குழுக்களின் பெயர் வரும், ஒன்றையும் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். பேட்டி எடுப்பவரும் கொடுப்பவரும் ஏதோ உள்ளூர்ச் சண்டையைச் சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள். பத்து நிமிடத்தில் மூடிவைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவோம்.

நான் இரண்டு முறை அப்படி மூடிவைத்தேன். மூன்றாவது முறை ஏனோ பின்பக்கத்திலிருந்து புரட்டினேன். அங்கே இருந்தவை முகவரிகள். இந்தக் காசெட் வேண்டுமென்றால் இத்தனை டாலர் அனுப்புங்கள், எங்கள் ஊரில் கச்சேரி வைக்க இவருக்கு எழுதுங்கள், எங்கள் குழுவுக்கு டிரம்மர் வேண்டும் என்று பக்கம் பக்கமாக. சொந்த ஊரில் தன் ரசனைக்குத் துணை கிடைக்காத ஒருவர் இன்னொரு ஊரில் இருக்கும் தன்னைப் போன்றவரைக் கண்டுபிடிக்க வைத்துக்கொண்ட முகவரிப் புத்தகம்தான் இந்தப் பத்திரிகை என்பது அப்போதுதான் உறைத்தது. பேட்டி, விமர்சனம், வசவு எல்லாம் அந்த முகவரிகளைச் சுற்றி முளைத்தவை. இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் வழி முழுவதும் அந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான்.

எதைப் படிக்கப்போகிறோம்

ஒரு ஓரத்தில் கடைகளில் தொங்கிய இசை வார இதழ்கள். லண்டனில் 1952இல் தொடங்கிய நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ் அந்த ரகம். சம்பளத்துக்கு எழுதும் ஆசிரியர் குழு, ரெக்கார்டு கம்பெனி விளம்பரம், அச்சகம், விநியோகஸ்தர் எல்லாம் உண்டு. இன்னொரு ஓரத்தில் ஃபேன்சீன். ரசிகர் ஒருவர் தன் காசில், தன் வீட்டு மேசையில் தட்டச்சு செய்து, ஜெராக்ஸ் எடுத்து, பின் அடித்துக் கொடுப்பது. சுருக்கமாக ‘சீன்’ என்பார்கள். மேகசீன் என்ற சொல்லின் வால் அது. நம் ஊரில் போடும் சீன் இல்லை. ஃபேன்சீன் என்ற சொல் இசையில் பிறந்ததுமல்ல. 1940இல் அமெரிக்க அறிவியல் புனைகதை ரசிகர்கள் தாங்களே போட்டுக்கொண்ட இதழ்களுக்கு வைத்த பெயர், பிற்பாடு இசைக்கு வந்தது.

சிற்றிதழ் பார்த்த தமிழ் வாசகருக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. 1959இல் ‘எழுத்து’ தொடங்கிய சி.சு. செல்லப்பா, புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக அலைந்த கதை நமக்குத் தெரியும். சந்தா வராது, காகிதக் கடன் நிற்கும், ஆனாலும் அடுத்த இதழ் வரும். சீன் நடத்தியவர்களின் பாடும் அதேதான்.

லண்டனின் மார்க் பெரி ஒரு வங்கி குமாஸ்தா. ரமோன்ஸ் என்ற நியூயார்க் குழுவின் இசைத்தட்டைக் கேட்டுவிட்டு, அதைப் பற்றி எழுத இடமில்லையே என்று 1976 ஜூலையில் ‘ஸ்னிஃபின் க்ளூ’ தொடங்கினார். தலைப்பைத் தடித்த ஸ்கெட்ச் பேனாவால் கையாலேயே எழுதினார். முதல் இதழ் 50 பிரதிகள். ஓராண்டுக்குள் ஆயிரக்கணக்கில் விற்றது. விற்பனை ஏறிக்கொண்டிருந்தபோதே 1977இல் அவரே நிறுத்திவிட்டார். சான் பிரான்சிஸ்கோவில் அதே 1977இல் சிட்டி லைட்ஸ் புத்தகக் கடையில் வேலைபார்த்த வி. வேல் என்பவர் ‘சர்ச் அண்ட் டிஸ்ட்ராய்’ தொடங்கினார். முதலீடு 200 டாலர். கவிஞர்கள் ஆலன் கின்ஸ்பெர்க்கும் லாரன்ஸ் ஃபெர்லிங்கெட்டியும் ஆளுக்கு 100 டாலர் கொடுத்தார்கள். பங்க் என்றால் படிக்காத பையன்களின் கூச்சல் என்று யாராவது சொன்னால், இந்த 200 டாலரை ஞாபகப்படுத்துங்கள்.

இந்த இரண்டு ஓரங்களுக்கும் நடுவில் கிடப்பவைதான் நமக்கு அதிகம் பயன்படும்: சீனாகத் தொடங்கி, செய்தித்தாள் காகிதத்துக்கு வளர்ந்து, பல வருடம் தாக்குப்பிடித்தவை. லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்து ‘ஃபிளிப்சைடு’ 1977 முதல் 2000 வரை. பெர்க்லியில் வானொலி நிகழ்ச்சியாகத் தொடங்கிய ‘மேக்ஸிமம் ராக்ன்ரோல்’ 1982இல் இதழாகி, 2019 வரை அச்சில் வந்தது.

ஒரு ஊரைத் தேர்ந்தெடுங்கள்

‘பங்க் பத்திரிகைகள்’ என்று மொத்தமாகத் தேடினால் மூழ்கிப்போவீர்கள். ஒரு ஊர், அதில் ஓர் ஐந்து வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர் சின்னதாக இருந்தால் இன்னும் நல்லது.

என் சிபாரிசு ஒலிம்பியா. அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்தின் தலைநகர். தலைநகர் என்றாலும் சிற்றூர்தான். ஒரு கல்லூரி, அந்தக் கல்லூரிக்கு ஒரு வானொலி நிலையம். இதை வைத்துக்கொண்டு 1979இல் ஜான் ஃபாஸ்டர் என்பவர் ஒரு பத்திரிகை தொடங்கினார். நடத்திய அமைப்பின் பெயர் ‘லாஸ்ட் மியூசிக் நெட்வொர்க்’. முதலெழுத்துகள் எல், எம், என். ஆங்கில அகரவரிசையில் அடுத்து வருவது ஓ, பி. ஆகவே பத்திரிகையின் பெயர் ‘ஓ.பி.’ (நம் ஊரில் ஓ.பி. அடிப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்த மனிதர்கள் பேய் மாதிரி உழைத்தவர்கள்.) ஒவ்வொரு இதழும் ஓர் எழுத்துக்கு. ஏ இதழில் ஏ-யில் தொடங்கும் கலைஞர்கள், அடுத்தது பி. பெரிய நிறுவனம் எதையும் சாராமல் இசைத்தட்டும் காசெட்டும் போட்டவர்களை முகவரியோடு பட்டியலிட்டுக்கொண்டே போனார்கள். 26 இதழ்கள். 1984இல் இசட் வந்தது, பத்திரிகை முடிந்தது. முன்பே தன் சாவுக்கு நாள் குறித்துக்கொண்ட வேறொரு பத்திரிகையை நான் பார்த்ததில்லை.

அதே ஊரில் அதே கல்லூரியில் படித்த புரூஸ் பேவிட் 1980இல் ‘சப்டெரேனியன் பாப்’ என்ற சீன் தொடங்கினார். நியூயார்க்கையும் லாஸ் ஏஞ்சலிஸையும் விட்டுவிட்டு, யாரும் கவனிக்காத ஊர்களின் குழுக்களைப் பற்றி எழுதுவது அவர் கொள்கை. சில இதழ்கள் காகிதமாக வந்தன, சில இதழ்கள் காசெட்டாகவே வந்தன. பெயர் ‘சப் பாப்’ என்று சுருங்கி, 1986 வாக்கில் சியாட்டிலில் இசை நிறுவனமாகி, 1989இல் நிர்வாணா என்ற ராக் குழுவின் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. அந்த நிறுவனத்தின் வேர் ஒரு மாணவரின் ஜெராக்ஸ் பிரதியில் இருக்கிறது.

அப்புறம் 1991. ஒலிம்பியாவிலும் வாஷிங்டன் டி.சி.யிலும் இளம் பெண்கள் ‘ரயட் கேர்ள்’ என்ற பெயரில் சீன்கள் போட ஆரம்பித்தார்கள். கச்சேரியில் ஆண்கள் முன்னால் நின்று முட்டிமோதிக்கொள்ள, பெண்கள் பின்சுவரோடு ஒட்டி நிற்க வேண்டியிருந்த கோபம் அதில் உண்டு. பாலியல் வன்முறை, உடல், பள்ளிக்கூடம், தோழமை என்று இசையைத் தாண்டியும் எழுதினார்கள். ‘ஜிக்சா’, ‘பிகினி கில்’ போன்றவற்றைத் தேடிப் பாருங்கள். இரண்டாவது பெயர் பத்திரிகையுடையதா, இசைக்குழுவுடையதா என்ற குழப்பம் உங்களுக்கு வரும். இரண்டும்தான். இந்த உலகில் அது சகஜம்.

ஒலிம்பியா பிடிக்கவில்லையா? மெட்டல் கேட்பவர் என்றால் நார்வேயில் 1985 முதல் 2010 வரை வந்த ‘ஸ்லேயர்’ பத்திரிகையைப் பிடியுங்கள். அதே பெயரில் இருக்கும் அமெரிக்கக் குழுவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ரஷ்ய மொழி தெரிந்தவர் யாராவது இதைப் படித்தால் அவருக்கு 1977இல் லெனின்கிராடில் தொடங்கிய ‘ராக்சி’ காத்திருக்கிறது. தட்டச்சு இயந்திரத்தில் கார்பன் தாள் வைத்து அடித்த ரகசியப் பத்திரிகை அது. ஒரு தடவை அடித்தால் கிடைப்பது சில பிரதிகள்தான், அவையே கைமாறிக் கைமாறிச் சுற்றின.

எங்கே கிடைக்கும்

மூலப் பிரதியை விலைக்கு வாங்கித்தான் படிப்பேன் என்று இறங்காதீர்கள். சேகரிப்பாளர்கள் விலையை ஏற்றிவைத்திருக்கிறார்கள், தபால் செலவும் உண்டு. ஸ்கேன் போதும்.

மேக்ஸிமம் ராக்ன்ரோல், ஃபிளிப்சைடு இரண்டின் இதழ்களும் நிறைய எண்ணிக்கையில் இன்டர்நெட் ஆர்கைவில் கிடைக்கின்றன. பிரிட்டிஷ் வார இதழ்களின் பழைய பிரதிகள் வேர்ல்டு ரேடியோ ஹிஸ்டரி தளத்தில் உள்ளன. பெயரைப் பார்த்து வானொலி பற்றியது என்று விட்டுவிடாதீர்கள். பால்புதுமையினர் போட்ட சீன்களுக்கென்றே 2003இல் மில்வாக்கியில் தொடங்கிய ‘க்விர் சீன் ஆர்கைவ் ப்ராஜெக்ட்’ இருக்கிறது. ரயட் கேர்ள் சீன்களின் பெரிய தொகுப்பு நியூயார்க் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது, ஆனால் அங்கே நேரில் போக வேண்டும். ‘ஸ்னிஃபின் க்ளூ’, ‘சர்ச் அண்ட் டிஸ்ட்ராய்’ இரண்டும் பிற்பாடு புத்தகத் தொகுப்பாகவும் வந்திருக்கின்றன.

தேடும்போது ஆங்கில எழுத்தில் பெயரோடு ஊரையும் வருடத்தையும் சேர்த்துப் போடுங்கள். பெயர்கள் பலவும் சாதாரணச் சொற்கள் என்பதால் வெறும் பெயர் போட்டால் குப்பைதான் வரும். இன்னொன்று: ஸ்கேனுக்குள் சொல் தேடும் வசதியை நம்ப வேண்டாம். கையெழுத்து, சாய்ந்த வரிகள், படத்தின் மேல் ஒட்டிய துண்டுகள் எதையும் கணினி ஒழுங்காக வாசிக்காது. குழுவின் பெயர் தேடலில் வரவில்லை என்றால் இதழில் இல்லை என்று அர்த்தமில்லை. கண்ணால்தான் புரட்ட வேண்டும்.

பின்னாலிருந்து முன்னால்

சரி, ஓர் இதழ் திறந்தாயிற்று. ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். நேராகக் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள்.

முதலில் வரி விளம்பரங்கள். இதில் சில சுருக்கெழுத்துகள் திரும்பத் திரும்ப வரும். விலைக்குப் பக்கத்தில் பி.பி.டி. என்றிருந்தால் தபால் செலவு உட்பட என்று அர்த்தம். வாஷிங்டன் டி.சி.யின் ஃபுகாஸி குழு, தபாலில் வாங்கினால் எவ்வளவு என்பதை ஆல்பத்தின் உறையிலேயே அச்சிட்டார்கள். கடைக்காரர் கூடுதலாகக் கேட்டால் வாங்குபவருக்கே தெரிந்துவிடும். எஸ்.ஏ.எஸ்.இ. என்றால் சுயமுகவரியிட்டுத் தபால்தலை ஒட்டிய உறை. நம் வார இதழ்களுக்குக் கதை அனுப்பிய தலைமுறைக்கு இதன் அருமை புரியும். ஐ.ஆர்.சி. என்றால் பன்னாட்டுப் பதில் கூப்பன். வெளிநாட்டுக்காரர் பதில் தபால் செலவை இந்தக் கூப்பனாக அனுப்புவார். ‘காசை நன்றாக மறைத்து அனுப்பவும்’ என்ற வரியும் அடிக்கடி வரும். டாலர் நோட்டைக் கறுப்புக் காகிதத்தில் மடித்து வைப்பார்கள். மெட்டல் காசெட் பரிமாறியவர்களிடம் இன்னொரு தந்திரம் இருந்தது. தபால்தலையின் மேல் பசையோ சோப்போ மெல்லிசாகத் தடவி அனுப்புவார்கள். முத்திரை மை அதன் மேல் விழும், பெறுபவர் கழுவிவிட்டு அதே தபால்தலையைத் திருப்பி அனுப்புவார். சட்டப்படி தப்புதான். அந்த வயதில் கையில் காசு இல்லை.

அடுத்தது பெட்டி விளம்பரங்கள். ஒரு சின்ன நிறுவனம் கால்பக்கத்தில் தன் நான்கு இசைத்தட்டுகளைப் போட்டிருக்கும். நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நிறுவனத்தின் ஊரையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த இதழில் அதே ஊரிலிருந்து வேறு யாராவது விளம்பரம் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். மூன்று இதழ் முடிவதற்குள் உங்கள் நோட்டில் ஒரு ஊர் தன்னால் உருவாகியிருக்கும்: இந்தக் குழுவின் கிட்டாரிஸ்ட்தான் அந்த நிறுவனத்தை நடத்துகிறார், அவர் நண்பர்தான் இந்தச் சீனைப் போடுகிறார், மூவருக்கும் ஒரே அஞ்சல் பெட்டி எண். மிச்சிகனின் ‘டச் அண்ட் கோ’ இப்படித்தான். 1979இல் சீனாகத் தொடங்கியது, 1981இல் அதே பெயரில் இசைத்தட்டு நிறுவனமானது. இந்தக் கோடுகளை நீங்களே போட்டுப் பாருங்கள். வரலாற்றுப் புத்தகத்தில் தயாராகக் கிடைக்கும் வரைபடத்தைவிட இது மனதில் நிற்கும்.

பிறகு வாசகர் கடிதங்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. மேக்ஸிமம் ராக்ன்ரோலின் கடிதப் பக்கங்களில் நடக்காத சண்டை இல்லை. சைவமா அசைவமா, ஐந்து டாலருக்கு மேல் டிக்கெட் வைக்கலாமா, கச்சேரியில் அடிதடி செய்பவனை என்ன செய்வது, போன இதழில் என்னைத் திட்டியவர் நேரில் வருவாரா. அந்தச் சண்டைகளில்தான் ஒரு கூட்டம் எதை மதிக்கிறது, எதற்குப் பயப்படுகிறது என்பது தெரியும். பேட்டியில் எல்லோரும் கொஞ்சம் நல்லபிள்ளையாகப் பேசுவார்கள், கடிதத்தில் அப்படி இல்லை.

கடிதங்களுக்குப் பிறகு ஊர் நிலவரம். ‘சீன் ரிப்போர்ட்’ என்பார்கள். இங்கே சீன் என்றால் பத்திரிகை இல்லை, உள்ளூர் இசை வட்டாரம். ஆங்கிலத்தில் உச்சரிப்பு சற்று மாறும், தமிழில் எழுதினால் மாட்டிக்கொள்வோம். ஒரு வாசகர் தன் ஊரில் எத்தனை குழு, கச்சேரிக்கு எந்த இடம், போலீஸ் தொல்லை உண்டா, யாரை நம்பலாம் என்று எழுதி அனுப்புவார். பிரேசில், போலந்து, யூகோஸ்லாவியா என்று எங்கிருந்தெல்லாமோ வந்தன. சுற்றுப்பயணம் போகும் குழுக்கள் இந்தப் பக்கங்களைக் கிழித்து வண்டியில் வைத்துக்கொண்டு போனார்கள். 1992 முதல் மேக்ஸிமம் ராக்ன்ரோல்காரர்கள் இந்த முகவரிகளைத் தனிப் புத்தகமாகவே போட ஆரம்பித்தார்கள். அதன் பெயரில் ஒரு கெட்ட வார்த்தை இருப்பதால் இங்கே விட்டுவிடுகிறேன். ‘உன் வாழ்க்கைக்கு நீயே தேதி வாங்கிக்கொள்’ என்பது போல அர்த்தம்.

பேட்டிகளைக் கடைசியாகப் படியுங்கள். இதற்குள் பாதிப் பெயர்கள் தெரிந்தவையாகியிருக்கும். முதலில் புரியாத அந்த உள்ளூர்ச் சிரிப்பு இப்போது உங்களுக்கும் வரும்.

விமர்சனத்தைப் படிக்கும் முன் பத்திரிகையின் விதியைப் படியுங்கள்

புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். ஒரு குழுவைப் பற்றி ஓர் இதழில் ஒரு வரிகூட இல்லை என்றால், அந்தக் குழு மோசம் என்று நினைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் விதிதான் காரணம்.

மேக்ஸிமம் ராக்ன்ரோலை 1998இல் இறக்கும்வரை நடத்திய டிம் யோஹானன் பிடிவாதக்காரர். பெரிய நிறுவனம் வெளியிட்ட இசைத்தட்டுக்கு அங்கே விமர்சனம் கிடையாது, விளம்பரமும் கிடையாது. அவரும் நண்பர்களும் சேர்ந்து 1986 கடைசியில் பெர்க்லியின் கில்மன் தெருவில் திறந்த கச்சேரிக் கூடத்திலும் அதே விதிதான். அங்கேயே வளர்ந்த கிரீன் டே குழு பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டபோது கதவு மூடப்பட்டது. 1994இல் அவர்கள் உலகப் புகழ் பெற்றார்கள், கில்மன் தெருவில் அவர்களுக்கு மேடை இல்லை. இது நியாயமா என்று இன்றுவரை அடித்துக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால் விதி சரி, அதை நடைமுறைப்படுத்திய விதத்தில் கொஞ்சம் குரூரம் இருந்தது.

விதி எங்கிருந்து வந்தது என்று புரிய, 1994 ஜூன் இதழைத் தேடிப் படியுங்கள். பெரிய நிறுவனங்களைப் பற்றிய சிறப்பிதழ். ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் ஆல்பினி முந்திய வருடம் ‘த பாஃப்ளர்’ இதழில் எழுதிய கட்டுரை அதில் மறுபிரசுரமானது. அதில் அவர் ஒரு கற்பனைக் குழுவை எடுத்துக்கொண்டு, இரண்டரை லட்சம் டாலர் முன்பணம் வாங்கினால் என்ன ஆகும் என்று மளிகைக் கணக்கு மாதிரி வரிவரியாகப் போட்டுக் காட்டுகிறார். தயாரிப்பாளர், மேலாளர், வக்கீல், ஸ்டூடியோ, வீடியோ, வண்டி எல்லாம் கழிந்த பிறகு நிறுவனத்துக்கு 7,10,000 டாலர். குழுவில் ஆளுக்கு 4,031 டாலர் 25 சென்ட். அந்த 25 சென்ட்தான் அடி. இசைத் தொழிலைப் பற்றிப் பிறகு எதைப் படித்தாலும் இந்தக் கணக்கு ஞாபகம் வரும்.

ஆகவே எந்த இதழை எடுத்தாலும் ஆசிரியர் குறிப்பையும் விளம்பரக் கட்டணப் பெட்டியையும் முதலில் பாருங்கள். யாரிடம் காசு வாங்குவதில்லை என்று அங்கே எழுதியிருக்கும். விமர்சகர்களின் பெயர்களையும் கவனியுங்கள். ஒரு இதழில் பத்துப் பேர் எழுதினால் பத்துக் காதுகள். உங்கள் காதுக்கு ஒத்துவருபவர் ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டால், மற்ற ஒன்பது பேரைத் தள்ளிவிட்டு அவர் சொன்னதை மட்டும் தேடிக் கேட்கலாம். ஒரே விமர்சகர் திட்டுவதை எல்லாம் ஆசையாகக் கேட்கிறவர்களும் உண்டு. அதுவும் ஒரு முறைதான்.

எழுதியிருப்பதை எல்லாம் நம்ப வேண்டாம்

பங்க் என்றதும் எல்லோரும் எடுத்துக்காட்டும் ஒரு படம் உண்டு. கிட்டாரில் விரல் வைக்கும் மூன்று கட்டங்கள், கையால் வரைந்தது. இது ஒரு கார்டு (பல சுரங்களைச் சேர்த்து ஒன்றாக மீட்டுவது), இது இன்னொன்று, இது மூன்றாவது, இனி நீ ஒரு குழுவைத் தொடங்கு என்று கீழே எழுதியிருக்கும். ‘ஸ்னிஃபின் க்ளூ’வில் வந்தது என்று பல இடங்களில் படித்து, நானும் பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையில் அது 1977 ஜனவரியில் ‘சைட்பர்ன்ஸ்’ என்ற இன்னொரு சீனில் வந்தது. மூலத்தைத் திறந்து பார்க்காதவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிய தவறு இது. ஸ்கேன் கையில் இருக்கும் காலத்தில் அந்தச் சோம்பலுக்கு நமக்குச் சாக்கு இல்லை.

சீன்களில் உண்மை சரிபார்க்கும் ஆள் கிடையாது. வதந்தி அப்படியே அச்சாகும். அந்தக் காலத்துப் பெண் வெறுப்பும் இனவெறியும் ‘சும்மா தமாஷ்’ என்ற பெயரில் பக்கங்களில் கிடக்கும். சிறுவர்களுக்குக் கொடுக்கும் முன் நீங்கள் ஒருமுறை புரட்டிவிடுவது நல்லது.

இன்று உயிரோடு இருப்பவை

பழையதையே புரட்டிக்கொண்டிருந்தால் அருங்காட்சியகக் காவலாளி ஆகிவிடுவோம். ஏதாவது ஒன்றுக்காவது சந்தா கட்டுங்கள். லண்டனின் ‘த வயர்’ 1982இல் ஜாஸ் பத்திரிகையாகத் தொடங்கி, பரிசோதனை இசை பக்கம் நகர்ந்தது. 2000இல் அதில் வேலைபார்த்தவர்களே சேர்ந்து வாங்கிவிட்டார்கள். மாத இதழ். சந்தாதாரர்களுக்குப் பழைய இதழ்கள் முழுவதும் திறந்துவிடப்படுகின்றன, அதற்காகவே கட்டலாம். நடை கொஞ்சம் கனம். மெதுவாகப் பழகும். ஃபிளிப்சைடு நின்றபோது அங்கிருந்த ஒருவரும் நண்பரும் சேர்ந்து 2001இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய ‘ரேசர்கேக்’ பங்க் வாசகர்களுக்கு. பழைய மாதிரி விமர்சனப் பக்கங்கள் இன்னும் அதில் உண்டு.

இந்தியாவுக்கும் இதில் ஒரு பக்கம் உண்டு. 1993இல் அமித் சைகலும் ஷேனா கமாத்தும் ‘ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்’ தொடங்கினார்கள். பம்பாயில் இல்லை, பெங்களூரில் இல்லை, அலகாபாத்தில். சொந்தப் பாட்டு எழுதும் ராக் குழுக்கள் நாட்டின் வேறு வேறு மூலைகளில் இருப்பதை ஒருவருக்கொருவர் தெரியவைத்ததில் அதற்குப் பெரிய பங்குண்டு. பழைய புத்தகக் கடையில் ஒரு பிரதி கண்ணில் பட்டால் யோசிக்காமல் வாங்கிவிடுங்கள்.

இனி உங்கள் முறை

இவ்வளவு படித்த பிறகு கை அரிக்கத்தான் செய்யும். நம் ஊரில் தெருவுக்கொரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. அந்த இயந்திரம் இல்லாமல் இந்தக் கலாசாரமே இல்லை. அலுவலகத்துக்காக உருவான பெட்டியில் ராத்திரியோடு ராத்திரியாகப் பத்திரிகை அடித்தவர்கள்தான் இதைத் தொடங்கிவைத்தவர்கள்.

முதல் இதழுக்கு ஒரே ஒரு ஏ4 தாள் போதும். எட்டுக் கட்டமாக மடித்து விரியுங்கள். குறுக்காகப் பாதியாக மடித்து, மடிப்புப் பக்கத்திலிருந்து நடுக்கோட்டில் அடுத்த மடிப்புக்கோடு வரை மட்டும் வெட்டுங்கள். விரித்து, நீளவாக்கில் மடித்து, இரண்டு முனைகளையும் உள்ளே தள்ளினால் வெட்டு வாய் திறந்து எட்டுப் பக்கச் சிறு புத்தகமாக மடங்கிவிடும். எந்தப் பக்கம் தலைகீழாக வரும் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். வெற்றுத் தாளை மடித்து ஒன்று முதல் எட்டு வரை எண் போட்டுவிட்டு விரித்துப் பாருங்கள். அச்சகக்காரர்கள் டம்மி என்பது இதைத்தான்.

16 பக்கம் வேண்டுமென்றால் நான்கு ஏ4 தாள். பாதியாக மடித்து நடுவில் பின். ஒரே பக்கத்தில் அருகருகே வரும் இரண்டு எண்களின் கூட்டுத்தொகை எப்போதும் 17 ஆக இருக்க வேண்டும்: 16க்குப் பக்கத்தில் 1, பின்பக்கத்தில் 2க்குப் பக்கத்தில் 15, அடுத்த தாளில் 14க்குப் பக்கத்தில் 3. கடைக்காரரிடம் ‘பேக் டு பேக்’ என்று சொன்னால் மட்டும் போதாது. முதல் பிரதியை அங்கேயே மடித்துப் பார்த்துவிட்டுத்தான் மீதியை எடுக்கச் சொல்லுங்கள். நான் அப்படிப் பார்க்காமல் 40 பிரதி எடுத்துவிட்டேன், பின்பக்கங்கள் எல்லாம் தலைகீழ். வாங்கியவர்களில் இரண்டு பேர் அதைப் புதுமை என்று பாராட்டினார்கள்.

ஓரங்களில் ஒரு சென்டிமீட்டர் விடுங்கள், இயந்திரம் விளிம்பு வரை எடுக்காது. புகைப்படத்தை அப்படியே வைத்தால் முகம் கறுத்துப்போகும். முன்கூட்டியே வெளுப்பாக்கி ஒரு சோதனைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பென்சில் வேண்டாம், கறுப்பு மார்க்கர். நடுப்பின் அடிக்க நீளக் கை உள்ள ஸ்டேப்ளர் வேண்டும். இல்லையென்றால் சாதாரண ஸ்டேப்ளரைத் திறந்துவைத்து, அடியில் பழைய செருப்பு ஒன்றை வைத்துக் குத்திவிட்டு, முனைகளைக் கையால் மடக்கலாம்.

உள்ளே என்ன போடுவது? நீங்கள் நேரில் பார்த்த ஒரு கச்சேரி, தெரிந்த ஒரு குழுவின் பேட்டி, நீங்கள் கேட்ட ஐந்து ஆல்பங்கள். கேட்காததைப் பற்றி எழுத வேண்டாம். பாட்டு வரிகளை முழுதாக எடுத்துப் போடவும் வேண்டாம், உரிமை அவர்களுடையது. ஒருமுறை வரும் துண்டு இதழுக்குப் பெரிய தலைவலி இல்லை. ஆனால் மாதாமாதம் என்று முறையாக வெளியிட்டு விற்பதாக இருந்தால் பருவ இதழ்ப் பதிவுச் சட்டம் 2023 என்ன சொல்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். நம் சிற்றிதழ்கள் அட்டையில் ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்று போட்டுக்கொண்டதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

விலை வைப்பதா இலவசமா என்று யோசிக்கும்போது மூன்றாவது வழியையும் பாருங்கள்: பண்டமாற்று. உங்கள் இதழ் ஒன்று, அவர் இதழ் ஒன்று. சீன்காரர்கள் இப்படித்தான் ஒருவர் பிரதியை ஒருவர் சேர்த்தார்கள். ‘ஃபேக்ட்ஷீட் ஃபைவ்’ என்று 1982இல் தொடங்கிய ஒரு பத்திரிகை, வந்துசேரும் சீன்களை எல்லாம் முகவரியோடு பட்டியலிடுவதையே வேலையாக வைத்திருந்தது. அதனால் கடைசிப் பக்கத்தைக் காலியாக விடாதீர்கள். வீட்டு முகவரி வேண்டாம். இதழுக்கென்று தனி மின்னஞ்சல் ஒன்றைத் திறந்து பெரிய எழுத்தில் போடுங்கள், பக்கத்தில் மாதம், வருடம், ஊர். நீங்கள் பேசிய குழுவைத் தொடர்புகொள்ளும் வழியையும் அவர்களிடம் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

முதல் கடிதம் அநேகமாக டிரம்மரின் பெயரைத் தப்பாகப் போட்டுவிட்டீர்கள் என்றுதான் வரும். இரண்டாம் இதழில் அதை அப்படியே அச்சிடுங்கள்.